ஹைப்ரிட் வண்டி நடுவழியில் நின்றால்: அறிகுறி வாரியாக என்ன பார்ப்பது, பார்ட்ஸ் வரும்வரை என்ன செய்வது

வண்டி வாங்கி எட்டு மாதம்கூட ஆகவில்லை. குடியாத்தத்தில் ஒரு கல்யாணத்தை முடித்துக்கொண்டு வேலூர் திரும்பிக்கொண்டிருந்தோம். சித்திரை வெயில், ஐந்து பேர், ஏசி முழு வேகத்தில். பள்ளிகொண்டா தாண்டி பொய்கை பக்கம் வரும்போது திரையில் சிவப்பு முக்கோணம் வந்தது. ஹைப்ரிட் சிஸ்டத்தில் கோளாறு, பாதுகாப்பான இடத்தில் நிறுத்தவும் என்று எச்சரிக்கை. ஓரம் கட்டினேன். அந்த வண்டி ஒழுங்காக மறுபடி என் கைக்கு வர 54 நாள் ஆனது. பழுது பார்த்தது ஒரே ஒரு பகல். மீதி எல்லாம் காத்திருப்பு. அதிலும் பாதிக்கு மேல், தேவையே இல்லாத ஒரு பார்ட்ஸுக்காகக் காத்திருந்தது.

அதனால்தான் இதை எழுதுகிறேன். ஹைப்ரிட் வண்டியில் முதல் ஒரு மணி நேரத்தில் அறிகுறியைச் சரியாகக் குறித்து வைத்தால், சரியான பார்ட்ஸ் முதல் தடவையே ஆர்டர் ஆகும். அது தவறினால் ஒரு காத்திருப்பு இரண்டாகிவிடும்.

நான் சொல்வது 2022-லிருந்து நம் ஊர்ச் சாலைகளில் அதிகமாகத் தெரியும் ஹைரைடர், கிராண்ட் விட்டாரா, சிட்டி, ஹைகிராஸ் போன்றவற்றின் முழு ஹைப்ரிட் மாடல்களுக்கு. எஞ்சின் ஓடாதபோதும் மின்சார மோட்டார் தனியாகவே வண்டியை நகர்த்தக்கூடிய வகை அது. 'ஸ்மார்ட் ஹைப்ரிட்' என்று பெயர் போட்டு வரும் வண்டிகளில், வண்டியை மோட்டாரிலேயே ஓட்டும் பெரிய பேட்டரி கிடையாது. அவற்றுக்கு இதில் பாதி பொருந்தாது.

முதலில் ஒரு எச்சரிக்கை

பானெட்டுக்குள்ளும் வண்டியின் அடியிலும் ஆரஞ்சு நிற உறை போட்ட வயர்கள் தெரியும். அவற்றில் உயிரைப் பறிக்கும் அளவு மின்னழுத்தம் ஓடுகிறது. வண்டியை ஆஃப் செய்த பிறகும், பெரிய பேட்டரியின் மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றும் இன்வெர்ட்டருக்குள் மின்சாரம் சிறிது நேரம் தேங்கி நிற்கும். பயிற்சி பெற்ற ஆட்களே, பெரிய பேட்டரியைத் துண்டிக்கும் சர்வீஸ் பிளக்கைக் கழற்றி, பத்து நிமிடம் காத்திருந்து, ரப்பர் கையுறை போட்டுக்கொண்டுதான் கை வைப்பார்கள். கீழே நான் சொல்லும் எந்தச் சோதனைக்கும் ஆரஞ்சு வயரைத் தொட வேண்டியதில்லை. தெரிந்த எலக்ட்ரீஷியன், பக்கத்து வீட்டு அண்ணன் என்று யாரையும் தொட விடாதீர்கள்.

அறிகுறி: பட்டனை அமுக்கினால் திரையில் 'ரெடி' (வண்டி ஓடத் தயார்) வரவில்லை, அல்லது எதுவுமே எரியவில்லை

இதுதான் அதிகம் நடப்பது, இதில்தான் வீண் பயமும் அதிகம். பெரிய பேட்டரி போய்விட்டது, லட்சக்கணக்கில் செலவு என்று வீடே கலங்கிப்போகும். பெரும்பாலும் காரணம் சின்ன 12 வோல்ட் பேட்டரிதான்.

இந்த வண்டிகளில் தனி ஸ்டார்ட்டர் மோட்டார் கிடையாது, ஆல்டர்னேட்டரும் கிடையாது. எஞ்சினைச் சுழற்றுவது பெரிய பேட்டரி. ஆனால் அந்தப் பெரிய பேட்டரியை வண்டியோடு இணைக்கும் ரிலேக்களை மூடுவதும், கம்ப்யூட்டர்களை எழுப்புவதும் 12 வோல்ட் பேட்டரியின் வேலை. அது படுத்துவிட்டால், பெரிய பேட்டரி நிறைய சார்ஜ் இருந்தாலும் வண்டி அசையாது.

பார்க்க வேண்டியதை இந்த வரிசையில் பாருங்கள். பிரேக்கை நன்றாக அழுத்திப் பிடித்துக்கொண்டுதான் பட்டனை அமுக்கினீர்களா? அரை அழுத்தத்தில் அமுக்கினால் பாட்டும் விளக்கும் வரும், ரெடி வராது. அடுத்து, சாவிக்குள் இருக்கும் பட்டன் செல் தீர்ந்திருக்கலாம். சாவியையே ஸ்டார்ட் பட்டன்மேல் ஒட்டி வைத்து அமுக்கிப் பாருங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் மல்டிமீட்டர். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், வண்டியிலேயே ஒன்று கிடக்கட்டும். வண்டி ஓய்வில் இருக்கும்போது 12.6 வோல்ட் காட்டினால் பேட்டரி நிறைவாக இருக்கிறது. 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே போனால் அதுதான் காரணம் என்று ஏறக்குறைய முடிவு கட்டலாம்.

ஜம்ப் ஸ்டார்ட் செய்யலாம். பாசிட்டிவ் வயரை உங்கள் கையேட்டில் காட்டியிருக்கும் முனையில் மாட்டுங்கள். பல ஹைப்ரிட் வண்டிகளில் 12 வோல்ட் பேட்டரி டிக்கியிலோ சீட்டுக்கடியிலோ இருக்கும், ஜம்ப் செய்வதற்கென்று பானெட்டுக்குள் தனி முனை கொடுத்திருப்பார்கள். நெகட்டிவ் வயரை வெறும் இரும்புப் பாகத்தில் மாட்டுங்கள். பிளஸ், மைனஸ் மாறிவிட்டால் 12 வோல்ட்டுக்கு மின்சாரம் கொடுக்கும் கன்வெர்ட்டர் வரைக்கும் எரிந்துபோகலாம். அதுவும் வாரக்கணக்கில் காத்திருக்க வைக்கும் பார்ட்ஸ்தான். ரோட்டோரம் உதவிக்கு வருபவர் நல்ல மனசுக்காரராக இருந்தாலும், வயரை மாட்டும் முன் நீங்கள் ஒரு தடவை கண்ணால் பாருங்கள்.

ரெடி வந்துவிட்டதா? அங்கேயே மீட்டரை மறுபடி வையுங்கள். 13.5-லிருந்து 14.5 வரை காட்டினால் கன்வெர்ட்டர் சார்ஜ் ஏற்றுகிறது, குறை பேட்டரியில் மட்டும்தான். ரெடி வந்த பிறகும் 12-லேயே நின்றால் கன்வெர்ட்டர் பக்கம் சந்தேகம். அந்த எண்ணை போட்டோ எடுத்து வையுங்கள். சர்வீஸில் 'பேட்டரி மாத்தினா சரியாயிடும் சார்' என்று சொல்லி அனுப்பி, பத்து நாள் கழித்து மறுபடி நீங்கள் போய் நிற்பதை அந்த ஒரு போட்டோ தடுக்கும்.

12 வோல்ட் பேட்டரி ஏன் இறங்குகிறது? நம் வீடுகளில் நான் பார்த்த காரணங்கள்: நேரடியாக வயர் இழுத்து மாட்டிய டேஷ்கேம், ரெடி போடாமல் உட்கார்ந்து பாட்டுக் கேட்பது, சாவியை வண்டிக்குப் பக்கத்துச் சுவரிலேயே மாட்டி வைப்பது. சாவி அருகில் இருந்தால் வண்டி அதோடு ஓயாமல் சமிக்ஞை பேசிக்கொண்டே இருக்கும். ஊருக்குப் போய் மூன்று வாரம் வண்டி நிற்கும் என்றால், வீட்டில் இருக்கும் யாரையாவது வாரம் ஒருமுறை ரெடியில் போட்டு முக்கால் மணி நேரம் வைக்கச் சொல்லுங்கள். திறந்தவெளியில் மட்டும், மூடிய ஷெட்டுக்குள் வேண்டாம். எஞ்சின் தானாக ஓட ஆரம்பிக்கும்.

புது 12 வோல்ட் பேட்டரி போடும்போது ஒரு விஷயம். பேட்டரி வண்டியின் உள்பக்கம் இருந்தால், வாயுவை வெளியே விடும் குழாய் உள்ள அதே வகையைத்தான் போட வேண்டும். விலை குறைவு என்று சாதாரண பேட்டரியை உள்ளே வைக்கக் கூடாது.

அறிகுறி: ஏற்றத்திலோ வெயிலிலோ சிவப்பு முக்கோணம், அரை மணி ஆறினால் சரியாகிவிடுகிறது

எங்கள் வண்டிக்கு வந்தது இதுதான். ஆறினால் ஓடும், சூடானால் நிற்கும் என்றால் முதலில் குளிர்விக்கும் பக்கம் போக வேண்டும்.

எஞ்சினுக்கு ஒரு கூலன்ட் சுற்று இருப்பது எல்லாருக்கும் தெரியும். பல ஹைப்ரிட் வண்டிகளில் இன்வெர்ட்டருக்கென்று தனியாக இன்னொரு சுற்றும் தனித் தொட்டியும் உண்டு. அதில் கூலன்ட்டைத் தள்ளுவது ஒரு சின்ன மின்சார பம்ப். அந்த பம்ப் நின்றால் இன்வெர்ட்டர் சில கிலோமீட்டரிலேயே கொதித்து, தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வண்டியை நிறுத்திவிடும். வேலூர் வெயில் 40 டிகிரியைத் தாண்டும் நாட்களில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும்.

நீங்கள் செய்யக்கூடியது: நிழலில் நிறுத்துங்கள். நன்றாக ஆறிய பிறகு, மூடியைத் திறக்காமல், இன்வெர்ட்டர் தொட்டியில் அளவு இரண்டு கோட்டுக்கும் நடுவில் இருக்கிறதா என்று வெளியிலிருந்தே பாருங்கள். குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது. வெறும் தண்ணீரை ஊற்றி ஓட்டாதீர்கள். பாலாற்றுப் பக்கத்துப் போர்வெல் தண்ணீரின் உப்பு அந்தக் குறுகலான குழாய்களுக்கு ஆகாது. அளவு சரியாக இருந்தும் சூடாகிறது என்றால் பம்ப் மேல்தான் சந்தேகம். பம்ப் ஓடினால் சில வண்டிகளில் தொட்டிக்குள் கூலன்ட் அசைவது தெரியும், லேசான ரீங்காரமும் கேட்கும்.

எங்களுக்கு என்ன நடந்தது என்று சொல்கிறேன். முதல் நாள் சர்வீஸ் சென்டரில் ஸ்கேனர் மாட்டினார்கள், எரர் கோடை, அதாவது வண்டி பதிந்து வைத்திருந்த பழுது எண்ணை, அழித்தார்கள், 'இப்ப ஓகே சார்' என்று வண்டியைக் கொடுத்துவிட்டார்கள். என்ன கோடு வந்தது என்று நானும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் காட்பாடி பாலத்தில் நெரிசலில் ஊர்ந்துகொண்டிருக்கும்போது மறுபடி நின்றது. இந்தத் தடவை இன்வெர்ட்டர் அதிகச் சூடு என்று கோடு. உடனே முழு இன்வெர்ட்டரை ஆர்டர் போட்டார்கள். 32 நாள் கழித்து அது வந்தது, மாற்றினார்கள், அன்றைக்கே டெஸ்ட் டிரைவில் மறுபடி முக்கோணம். மனசு ஒடிந்து, வேலூர் சைதாப்பேட்டையில் எங்கள் பழைய வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்த மெக்கானிக் பாயிடம் போய்ச் சொன்னேன். அவர் ஹைப்ரிட் வேலை செய்வதில்லை. கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "தண்ணி சுத்துதான்னு பாத்தாங்களா தம்பி?" அந்தக் கேள்வியை அப்படியே கொண்டுபோய்க் கேட்டேன். பார்த்தார்கள். பம்ப் ஓடவில்லை. பம்ப் வர இன்னும் 19 நாள்.

கோடு பதிவாகும் நொடியில் வேகம், சூடு, மின்னழுத்தம் எல்லாவற்றையும் வண்டி சேர்த்துப் பதிந்து வைத்திருக்கும். ஃப்ரீஸ் ஃபிரேம் என்பார்கள். கோடை அழித்தால் பல நேரம் அதுவும் சேர்ந்து போய்விடும். முதல் நாளே அது கையில் இருந்திருந்தால், சூட்டிலிருந்து தேட ஆரம்பித்திருப்பார்கள். எனவே ஸ்கேனரை மாட்டும்போது பக்கத்தில் நில்லுங்கள். 'அழிக்கிறதுக்கு முன்னாடி ஒரு போட்டோ எடுத்துக்கறேன்' என்று மரியாதையாகக் கேளுங்கள். யாரும் மறுக்க மாட்டார்கள்.

போட்டோவில் பி0ஏ93 இருந்தால் இன்வெர்ட்டர் குளிர்விப்பு சம்பந்தப்பட்டது. பி0ஏ80 பெரிய பேட்டரியைச் சுட்டும். பி0ஏஏ6 உயர் மின்னழுத்தம் எங்கோ வண்டியின் உடம்புக்குக் கசிவதைச் சொல்லும். கடைசியில் சொன்னது வந்தால் வண்டியை நகர்த்தவே வேண்டாம்.

அறிகுறி: பின் சீட்டுப் பக்கம் ஃபேன் சத்தம், மைலேஜ் குறைகிறது, எஞ்சின் அடிக்கடி ஓடுகிறது

காற்றால் குளிரும் பெரிய பேட்டரி உள்ள வண்டிகளில், பின் சீட்டுக்குக் கீழோ பக்கவாட்டிலோ காற்று உறிஞ்சும், ஓட்டைகள் போட்ட ஜாலி ஒன்று இருக்கும். புது வண்டி எடுத்ததும் நாம் முதலில் செய்வது சீட் கவர் போடுவது. கவர்க்காரருக்கு அந்த ஜாலியைப் பற்றித் தெரியாது, இழுத்து மூடிவிடுவார். அப்புறம் கல்யாணப் பைகள், அரிசி மூட்டை, குழந்தையின் போர்வை எல்லாம் அங்கேதான் சேரும். காற்று போகாத பேட்டரி சூடாகும், சூடான பேட்டரி தன் வேலையைக் குறைத்துக்கொள்ளும், அந்தச் சுமை எஞ்சின்மேல் விழும்.

கவரை அந்த இடத்தில் வெட்டிவிடச் சொல்லுங்கள். ஜாலிக்குப் பின்னால் ஃபில்டர் இருந்தால் ஒவ்வொரு சர்வீஸிலும் சுத்தம் செய்யச் சொல்லி ஜாப் கார்டில் எழுத வையுங்கள். வாயால் சொன்னால் மறந்துபோகும். எங்கள் தெருவில் ஒருவருக்கு இதை மட்டும் செய்ததில் ஃபேன் சத்தம் நின்றது.

அறிகுறி: நெரிசலில் நிற்கும்போது பேட்டரி அளவு சரசரவென்று இறங்குகிறது

கியரை 'என்'-இல் போட்டிருக்கிறீர்களா? பழைய வண்டிப் பழக்கம் அது. பல ஹைப்ரிட் வண்டிகளில் 'என்'-இல் பெரிய பேட்டரி சார்ஜ் ஏறாது, ஏசியோ இறக்கிக்கொண்டே இருக்கும். வேலூர் கிரீன் சர்க்கிள் சந்திப்பில் பத்து நிமிடம் நின்றாலும் 'டி'-யிலேயே பிரேக்கில் நில்லுங்கள், இல்லையென்றால் 'பி'. பெட்ரோல் தீர்ந்த பிறகு பேட்டரியிலேயே பங்க் வரை தள்ளிவிடலாம் என்ற முயற்சியும் வேண்டாம். அந்தப் பேட்டரி மிகச் சிறியது, ஒரேயடியாக இறங்கிவிட்டால் ஜம்ப் ஸ்டார்ட்டாலும் எழுப்ப முடியாமல் போகும்.

அறிகுறி: மழைக்கோ நாள்கணக்கில் நிறுத்தியதற்கோ பிறகு, காலையில் பல விளக்குகள் ஒன்றாக எரிகின்றன

2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டு வந்ததை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டோம். சீட் வரை தண்ணீர் ஏறிய ஹைப்ரிட் வண்டியை, காய்ந்துவிட்டது என்று நினைத்து ஆன் செய்யக் கூடாது. அப்படியே தூக்கிக்கொண்டு போகச் சொல்லி, இன்சூரன்ஸுக்கும் அன்றே தெரிவியுங்கள்.

தண்ணீர் இல்லையென்றால் எலி. வயல் ஓரமும் புளியமரத்தடியும் நிறுத்துபவர்கள் பானெட்டைத் திறந்து, புழுக்கை, கடித்த உறைத்துணுக்கு தெரிகிறதா என்று பாருங்கள். வயர் கட்டு முழுவதாக ஆர்டர் போட்டால் அதற்கும் நீண்ட காத்திருப்பு உண்டு. சின்ன 12 வோல்ட் வயராக இருந்தால் கம்பெனி அனுமதிக்கும் முறையில் ஒட்டுப் போட முடியுமா என்று கேளுங்கள். ஆரஞ்சு வயர் என்றால் ஒட்டு என்ற பேச்சே கிடையாது.

பழுது போலத் தெரியும், ஆனால் பழுது இல்லை

ஏலகிரியின் 14 வளைவுகளில் இறங்கி வரும்போது பாதியில் எஞ்சின் திடீரென்று உறுமும். பேட்டரி நிறைந்து இனி சார்ஜ் ஏற இடமில்லாததால், எஞ்சினைச் சுழற்றி வண்டி வேகத்தைக் குறைக்கிறது. பயப்பட வேண்டாம். வண்டி கழுவிய மறுநாள் பிரேக்கில் கரகரப்பு வருவது டிஸ்க்கில் படிந்த லேசான துரு. ஹைப்ரிட்டில் மோட்டாரே பாதி பிரேக் பிடித்துவிடுவதால் டிஸ்க் தேய்வது குறைவு. நாலு தடவை அழுத்திப் பிடித்தால் போய்விடும். ஆனால் பிரேக் எச்சரிக்கை விளக்கும் எரிந்து பெடலும் கல் மாதிரி ஆனால் அது வேறு. ஓட்டாதீர்கள்.

வண்டியைத் தூக்கும்போது

தேசிய நெடுஞ்சாலையில் நின்றால் 1033-க்கு அழைக்கலாம். கம்பெனியின் சாலையோர உதவி எண்ணையும் போனில் சேமித்து வையுங்கள். எங்களுக்கு வந்த ரெக்கவரி ஓட்டுநர், பின்பக்கத்தைத் தூக்கி முன் சக்கரம் ரோட்டில் உருள இழுக்கப் பார்த்தார். "இன்னா சார், பத்து கிலோமீட்டர்தானே, இப்டியே இழுத்துனு பூடலாம்" என்றார். "வேணாம்ணா, மொத்தமா ஏத்துற வண்டியே வரட்டும், நாங்க இருக்கோம்" என்று சொல்லி ஒரு மணி நேரம் கூடுதலாக வெயிலில் நின்றோம். முன் சக்கரம் ஓட்டும் ஹைப்ரிட்டில் அந்தச் சக்கரம் உருண்டால் உள்ளே மோட்டாரும் சுழன்று மின்சாரம் உண்டாக்கும். இல்லாத பழுதும் சேர்ந்துகொள்ளும். தட்டு வண்டி, அதாவது ஃபிளாட்பெட், கிடைக்கும்வரை காத்திருங்கள்.

'பார்ட்ஸ் ஆர்டர் போட்டாச்சு சார், வந்ததும் கூப்பிடுறோம்'

இந்தப் பதிலையும் ஒரு அறிகுறியாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆர்டர் நிஜமாகவே போயிருக்கிறதா, அவசரப் பிரிவில் போயிருக்கிறதா, இரண்டும் தெரியாது. மூன்று விவரம் கேளுங்கள்: பார்ட் நம்பர், ஆர்டர் நம்பர், ஆர்டர் போட்ட தேதி. பிறகு, இது விஓஆர் ஆர்டரா என்று கேளுங்கள். வண்டி ஓட முடியாமல் நிற்கிறது என்று குறித்து முன்னுரிமை கேட்கும் ஆர்டருக்கு அந்தப் பெயர். சாதாரண ஸ்டாக் ஆர்டரோடு கலந்து போனால் வரிசையில் பின்னால் நிற்கும். எங்களுக்கு பம்ப் ஆர்டரை அப்படி மாற்றச் சொன்னதே ஏழாம் நாள்தான். முதல் நாளே கேட்டிருக்க வேண்டும்.

'வெளிநாட்டிலிருந்து வரணும்' என்றால், எந்தக் கிடங்கில் இருக்கிறது, எதிர்பார்க்கும் தேதி என்ன என்று மின்னஞ்சலில் எழுதித் தரச் சொல்லுங்கள். பெரிய லித்தியம் பேட்டரியாக இருந்தால் தாமதத்துக்கு நியாயமான காரணம் உண்டு. அது ஆபத்தான சரக்கு வகையில் வருகிறது. தனிச் சரக்காக அனுப்பும் லித்தியம் அயன் பேட்டரிகளைப் பயணிகள் விமானத்தில் ஏற்றுவதற்கு 2016-லிருந்து தடை. அதனால் பெரும்பாலும் கப்பலையும் லாரியையும் நம்ப வேண்டியிருக்கிறது. ஒரு பம்ப்புக்கும் ரிலேவுக்கும் அந்தக் காரணம் பொருந்தாது.

'வாரன்டியில் வருமான்னு பாக்கணும்' என்றால் உங்கள் வாரன்டி புத்தகத்தைத் திறந்து காட்டுங்கள். இந்த வண்டிகளின் பெரிய பேட்டரிக்குப் பொதுவாக 8 ஆண்டு அல்லது 1,60,000 கி.மீ. வரை வாரன்டி தருகிறார்கள். இன்வெர்ட்டரும் பம்ப்பும் அதில் சேருமா, இல்லை சாதாரண வாரன்டியில் வருமா என்பது புத்தகத்தில் தனியாக இருக்கும்.

'தெரியல சார்' என்ற பதிலே மூன்று வாரமாக வந்தால், டீலரை விட்டுவிட்டுக் கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவுக்கு எழுதுங்கள். கோபம் வேண்டாம், தேதிகள் மட்டும்: என்று நின்றது, என்று ஒப்படைத்தோம், என்ன கோடு, என்ன பார்ட், எத்தனை நாள். மாற்று வண்டி கேளுங்கள், நின்ற நாட்களுக்கு வாரன்டியை நீட்டித் தரவும் கேளுங்கள். கேட்டால் கிடைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. எங்களுக்கு 20 நாளுக்கு மாற்று வண்டி கிடைத்தது, அதுவும் எழுத்தில் கேட்ட பிறகுதான். தவணை மட்டும் ஒரு மாதமும் தவறாமல் வங்கியிலிருந்து போய்க்கொண்டிருந்தது. வீட்டில் வயதானவர்களை சிஎம்சி மருத்துவமனைக்கு ஆட்டோவில் அழைத்துப் போய்க்கொண்டிருந்தோம்.

அதற்கும் பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. இலவசம். புகார் எண் கொடுப்பார்கள், கம்பெனிக்கு அனுப்புவார்கள். கடைசிப் படி மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். வண்டியைச் சென்னையில் வாங்கியிருந்தாலும் வேலூரில் தொடுக்கலாம். கொடுத்த விலை 50 லட்சம் வரை இருந்தால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். இணையவழியிலும் தாக்கல் செய்யலாம், வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்பதில்லை. அங்கே உங்களுக்காகப் பேசப்போவது ஜாப் கார்டு நகல், கோடு போட்டோ, மின்னஞ்சல்கள். நிற்கும் நாளிலிருந்தே ஒரு கவரில் போட்டு வையுங்கள்.

பார்ட்ஸ் வந்து, வண்டி ரெடி என்று கூப்பிடும்போது

கழற்றிய பழைய பார்ட்ஸைக் காட்டச் சொல்லுங்கள். வாரன்டியில் மாற்றினால் அது கம்பெனிக்குத் திரும்பிப் போகும், பார்ப்பதற்குத் தடையில்லை. புது பார்ட் நம்பர் பில்லில் இருக்கிறதா என்று பாருங்கள், தொகை பூஜ்யமாக இருந்தாலும் பில் வாங்குங்கள். வாரக்கணக்கில் நின்ற வண்டி என்பதால் 12 வோல்ட் பேட்டரியையும் அங்கேயே மீட்டர் வைத்துப் பாருங்கள். எங்களுடையது 11.9-இல் இருந்தது, சார்ஜ் ஏற்றித்தான் கொடுத்தார்கள்.

பழுது எந்த நிலையில் வந்ததோ அதே நிலையில் ஓட்டிப் பார்க்க வேண்டும். நான் மதியம் இரண்டு மணிக்குப் போனேன். சர்வீஸ் அட்வைசரைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஸ்கேனரை மாட்டியபடியே, ஏசியை முழுதாகப் போட்டு, பள்ளிகொண்டா வரை போய்த் திரும்பினோம். பொய்கை தாண்டும்போது அவரும் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இன்வெர்ட்டர் சூடு ஏறவில்லை, முக்கோணம் வரவில்லை. திரும்பி வந்துதான் டெலிவரித் தாளில் கையெழுத்துப் போட்டேன்.